சமையல் மேடைக்கு எந்தக் கல்? விலைச்சீட்டில் எழுதப்படாத விலை

கம்பளையிலிருந்து புசல்லாவை ஊடாக நுவரெலியா செல்லும் பிரதான வீதியின் இருமருங்கிலும் புதிய வீடுகள் எழுவதையும் பழைய வீடுகள் திருத்தப்படுவதையும் காணலாம். கூரை போட்டு, சுவர்ப்பூச்சும் முடிந்து, கையிருப்புப் பணமும் ஏறத்தாழக் கரைந்துவிட்ட நிலையில் வீட்டுக்காரர் முன் வந்து நிற்கும் கடைசிக் கேள்விகளுள் ஒன்று, குசினி மேடைக்கு எதைப் போடுவது என்பதாகும். சீமெந்தா, டைல்ஸா, கிரனைட்டா, அல்லது இப்போது விளம்பரங்களில் அதிகம் பேசப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லா? வீட்டில் நாள் முழுவதும் புழங்கப்படும் இடம் அதுவே. எனினும், அதற்கான தெரிவு பெரும்பாலும் கடையில் அரை மணி நேரத்தில், நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து, அந்த மேடையில் ஒருநாளும் காய் நறுக்காதவர்களால் செய்யப்பட்டுவிடுகிறது.

மலையகத்தில் இக்கேள்விக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தை வோர்ம்ஸ் சகோதரர்கள் உருவாக்கியது 1840களில் ஆகும். அக்காலந்தொட்டுத் தோட்டத் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட லயன் அறைகளில் முறையான சமையலறை என்ற ஒன்று சிந்திக்கப்படவேயில்லை. புகை சூழ்ந்த சிறு இடத்தில், தரையில் அமைந்த அடுப்பின் முன் குந்தியிருந்து சமைத்த பெண்களின் தலைமுறைகள் பல. தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும் என்ற கோரிக்கை வலுப்பெற்று, இந்திய உதவியுடன் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் என்று திட்டங்கள் வந்தபோது, அவற்றோடு நின்று சமைக்கும் மேடையும் வந்தது. ஆகவே, இந்த மேடை வெறும் அலங்காரப் பொருளன்று. குனிந்த முதுகு நிமிர்ந்ததன் அடையாளமாகவும் அதைக் கொள்ளலாம். அதற்கான பொருளைத் தெரிவு செய்வதில் சற்று நிதானம் தேவை என்று நாம் கூறுவது இதனாலேயே.

தெரிவுக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. எமது சமையல் அந்தப் பொருளை என்ன செய்யும்? எமது காலநிலை அதனை என்ன செய்யும்? அப்பொருளை வெட்டிப் பொருத்தும் மனிதனை அது என்ன செய்யும்? முதல் இரண்டையும் ஓரளவேனும் பலர் கேட்கின்றனர். மூன்றாவதைக் கேட்பவர் மிகச் சிலரே.

எமது சமையலும் மலைநாட்டு ஈரமும்

வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் காணப்படும் சமையலறைகள் எமது சமையலை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டவையல்ல. எமது குசினியில் மஞ்சள் சிந்தும். புளி, தேசிக்காய், கொறுக்காய் ஆகியவற்றின் சாறு வடியும். தேங்காய் துருவும்போது மேடை அதிரும். ரொட்டிக்கு மா பிசைந்து அடிப்பதும் அங்கேதான். நோன்பு காலத்தில் கஞ்சிப் பானையும் பொரித்த எண்ணெய்த் தாச்சியும் அடுப்பிலிருந்து நேரே மேடைக்கு இறக்கப்படும். 2022 ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது காஸ் அடுப்புக்குப் பழகிய நகர்ப்புற வீடுகளும் மீண்டும் விறகுக்குத் திரும்பியதை எவரும் மறந்திருக்க முடியாது. எனவே சூடு, புளிப்பு, கறை, அதிர்வு ஆகிய நான்கையும் தாங்குவதே எமக்குப் பொருத்தமான மேடையாகும்.

இதனுடன் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்மேல் பருவமழையும் வடகீழ் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் இம்மலைச்சரிவுகளில் மாதக்கணக்கில் சுவர்கள் உலர்வதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மீது பளபளப்பான தாள் ஒட்டப்பட்ட மேடைகள் கடையில் அழகாகவும் மலிவாகவும் தோன்றும். ஆனால் கழுவுதொட்டியின் ஓரத்தில் நீர் புகுந்ததும் அவை ஊதிப் பிளந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியினால் மத்திய மாகாணம் பெரும் மண்சரிவுகளுக்கும் வெள்ளத்திற்கும் உள்ளானதை நாம் அறிவோம். வெள்ளம் புகும் வீட்டில் முதலில் பாழாகும் பொருட்களுள் இத்தகைய பலகைகளும் அடங்கும். வீட்டை மீளக் கட்டும் குடும்பங்கள் இவற்றைத் தவிர்ப்பதே சிறந்தது.

ஒவ்வொரு பொருளின் இயல்பும்

மிகக் குறைந்த செலவில் அமைவது, கம்பியிட்டு வார்க்கப்பட்ட கொங்கிறீட் தட்டின் மீது சீமெந்து மெழுகி விடுவதாகும். இது சூட்டைத் தாங்கும்; பழுதானால் ஊர் மேசனே திருத்திவிடுவார். ஆனால் சீமெந்து காரத்தன்மை உடையது. தேசிக்காய்ச் சாறும் புளியும் தொடர்ந்து பட்டால் மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும். அங்கே எண்ணெயும் அழுக்கும் குடியேறும்.

அதே கொங்கிறீட் தட்டின் மீது டைல்ஸ் பதிப்பது அடுத்த படியாகும். மெருகிடப்பட்ட டைல்ஸ் சூட்டையும் புளிப்பையும் நன்கு தாங்கும். அதன் பலவீனம் இடைவெளிகளில் நிரப்பப்படும் சாந்தில் உள்ளது. மஞ்சள் கறை படிவதும் பூஞ்சணம் பிடிப்பதும் அங்குதான். பெரிய அளவிலான டைல்ஸைத் தெரிந்து இடைவெளிகளைக் குறைத்து, சாதாரண சாந்துக்குப் பதிலாக எபொக்சிச் சாந்தை இட்டால் இக்குறை பெருமளவு நீங்கும். நடுத்தர வருமானமுள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பெறுமதியான தெரிவைக் காண்பது அரிது என்பது எமது கருத்து.

கருங்கல் எமது சமையலறைக்குப் புதியதன்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் கல்லே. இலங்கைத் தரையின் பத்தில் ஒன்பது பங்கிற்கு அடியில் மிகப் பழமையான உருமாறிய பாறைகளே உள்ளன. புசல்லாவையும் அப்பாறைகளின் மீதே அமர்ந்துள்ளது. கண்டிக்கு அண்மையில் உள்ள கடலாதெனிய விகாரை 1344 ஆம் ஆண்டு தென்னிந்தியச் சிற்பியான கணேஸ்வராச்சாரியின் தலைமையில் கல்லினால் எழுப்பப்பட்டு, ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு மழையையும் தாங்கி நிற்கிறது.

இன்று கடைகளில் கிரனைட் என்று விற்கப்படும் மெருகிட்ட பலகைகளில் பல, தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, மதுரை முதலான பகுதிகள் உட்பட இந்தியச் சுரங்கங்களில் பிறந்தவை. நல்ல கிரனைட் சூடான பாத்திரத்தையும் புளிப்பையும் தாங்கும். ஆனால் கிரனைட் என்ற பெயரில் வருவன யாவும் ஒரே கல்லல்ல. கறுப்பு கிரனைட் என விற்கப்படுவது பெரும்பாலும் டொலரைட் அல்லது கப்ரோ என்ற வேறு வகைப் பாறையாகும். அது செறிவானது, நீரை எளிதில் உறிஞ்சாது. வெளிர் நிறக் கற்கள் சில நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும் இயல்புடையவை. அவற்றுக்குக் காலத்துக்குக் காலம் காப்புப்பூச்சு இடவேண்டும்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கி வீட்டில் பரிசோதிப்பது எவருக்கும் இயலக்கூடிய காரியம். துண்டின் மீது சில துளி நீரை விட்டு கால் மணி நேரம் பொறுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். அவ்விடம் கருமையடைந்திருந்தால் கல் நீரை உறிஞ்சுகிறது என்பது பொருள். இன்னோரிடத்தில் தேசிக்காய்ச் சாற்றை விட்டு ஓரிரவு வைத்தபின் பளபளப்பு மங்கியிருந்தால் அக்கல்லைத் தவிர்க்க வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் தோய்த்த வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது துணியில் கறுப்பு நிறம் ஒட்டினால், அது சாயம் ஏற்றப்பட்ட கல்லாகும்.

சலவைக்கல் எனப்படும் பளிங்கு, பார்வைக்கு இவை யாவற்றையும் விட அழகானது. ஆனால் அதன் அடிப்படை சுண்ணாம்புச் சேர்வையாகும். எமது மத்திய மலைநாட்டில் இத்தகைய கல்லைச் சூளையில் சுட்டே சுண்ணாம்பு பெறுகின்றனர். சுண்ணாம்பும் புளியும் சந்தித்தால் என்ன நேரும் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஒரு தேசிக்காயைப் பிழிந்த இடம் பளிங்கில் நிரந்தர வடுவாக நின்றுவிடும். வரவேற்பறைக்குப் பொருத்தமான அக்கல் எமது குசினிக்குப் பொருந்தாது.

உணவகங்களிலும் பெரிய சமையற்கூடங்களிலும் காணப்படும் துருப்பிடிக்காத உருக்குத் தகட்டினை வீட்டுக்கு ஏற்காதவர் பலர். கீறல் விழும், ஓசை எழுப்பும் என்பது உண்மையே. ஆனால் கறை, பூஞ்சணம், புளிப்பு, சூடு ஆகிய எதற்கும் அது அஞ்சுவதில்லை. கழுவுதொட்டியை ஒட்டிய பகுதிக்கு மட்டுமாவது 304 தரத் தகட்டினை இடுவது சிந்திக்கத்தக்கது.

செயற்கைக் குவார்ட்ஸ் கல்

இனி, அதிகம் பேசப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லுக்கு வருவோம். குவார்ட்ஸ் என்ற கனிமத்தைப் பொடியாக்கி, பிசினும் நிறமும் சேர்த்து, அதிர்த்து அழுத்தி இறுக்குவதால் இது உருவாகிறது. இத்தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தது இத்தாலியின் பிரெட்டன் நிறுவனமாகும். இக்கல் நீரை உறிஞ்சுவதில்லை. கறை எளிதில் படிவதில்லை. ஒரே சீரான நிறம் கிடைக்கிறது. இவை அதன் உண்மையான சிறப்புகள். ஆனால் அதிலுள்ள பிசின் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் சூட்டுக்கு மேல் பாதிப்படையக்கூடியது. வடையோ ரோல்ஸோ பொரிக்கும் எண்ணெயின் சூடு 180 பாகை அளவில் இருக்கும். தாச்சியை நேரே இறக்கினால் அழியாத தழும்பு ஏற்படலாம். ஆக, வாங்குபவரின் நலனை மட்டும் நோக்கினாலும் இது எமது சமையலுக்கு முற்றிலும் பொருந்திய பொருளன்று.

இதனிலும் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. இக்கல்லில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட அளவு படிக சிலிக்கா அடங்கியிருப்பது வழமை. இயற்கைக் கிரனைட்டில் அது பெரும்பாலும் 45 சதவீதத்துக்குக் குறைவு; பளிங்கில் மிகச் சொற்பம். கல்லை வெட்டும்போதும் துளையிடும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் உண்டு. அவை மூக்கிலோ தொண்டையிலோ தங்குவதில்லை. நுரையீரலின் அடியாழத்திலுள்ள காற்றறைகளைச் சென்றடைகின்றன. அவற்றை அழிக்கச் செல்லும் உடலின் பாதுகாப்புக் கலங்கள் தாமே அழிகின்றன. அழிந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. தழும்பேறிய நுரையீரல் விரிந்து சுருங்க இயலாது இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவுமில்லை. தூசியிலிருந்து விலகிய பின்னரும் அது வளரக்கூடியது. காசநோய்க்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் அது வழிவகுக்கிறது.

இந்நோய் பழைய சுரங்கத் தொழிலாளரின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியாவில் மந்த்சௌரின் சிலேற்றுப் பென்சில் தொழிலிலும் கம்பாத்தின் மணிக்கல் பட்டறைகளிலும் அது பல உயிர்களைக் கொண்டுசென்றது. கற்சுரங்கத் தொழிலாளர் நிறைந்த இராஜஸ்தான் மாநிலம் 2019 ஆம் ஆண்டு இவ்வகை நோய்களுக்கெனத் தனிக் கொள்கையொன்றையே வகுத்தது. புதிய நூற்றாண்டில் சமையல் மேடையின் வடிவில் அந்நோய் மீண்டும் வந்திருக்கிறது.

2012 ஆம் ஆண்டு இஸ்ரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, செயற்கைக் கல் வெட்டி நோயுற்று, நுரையீரல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 25 பேரைப் பற்றிக் கூறியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2023 இல் வெளியான ஆய்வு, இத்தகைய 52 நோயாளரை விபரித்தது. அவர்களுள் 51 பேர் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியேறிகள். அவர்களின் இடைநிலை வயது 45. பத்துப் பேர் இறந்துவிட்டனர். அவுஸ்திரேலியாவில் இளம் தொழிலாளரிடையே நோய் பரவியமை வெளிச்சத்துக்கு வந்தபின், 2023 டிசம்பரில் அந்நாட்டு அமைச்சர்கள் கூடித் தீர்மானித்து, 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லின் உற்பத்தி, விநியோகம், வெட்டுதல், பொருத்துதல் ஆகிய யாவற்றையும் தடை செய்தனர். 2025 ஜனவரி முதல் இறக்குமதியும் தடைக்குள்ளானது. சிலிக்கா அளவைக் குறைத்தால் போதாதா என்ற கேள்வி எழுந்தபோது, பாதுகாப்பான அளவு இதுவெனக் காட்டப் போதிய சான்று இல்லை என்பதே அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு கண்ட முடிவாகும்.

ஏன் இது எமது விடயம்?

அவுஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் நிகழ்ந்தவை புசல்லாவைக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கலிபோர்னியாவின் அந்த 51 பேரும் யார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்த ஊரில் வேலையின்றி, மொழி தெரியாத இடத்தில், கேட்க ஆளின்றித் தூசியில் நின்றவர்கள் அவர்கள். தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குச் சென்ற இளைஞரும், கட்டார், துபாய், சவூதி எனக் கட்டுமான வேலைக்குப் புறப்படும் எமது தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் இதே நிலையில் உள்ளவர்களே. கல் வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்கப்போவது அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

ஊரிலும் நிலைமை மகிழத்தக்கதாக இல்லை. கழுவுதொட்டிக்கான துளையை வீட்டு முற்றத்திலேயே கையடக்க கிரைண்டர் கொண்டு, நீர் எதுவுமின்றி உலர்வாக வெட்டுவதும், வெண்புகை போல் எழும் தூசிக்குள் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டியபடி இளைஞன் நிற்பதும் எவரும் கண்ட காட்சிகளே. கைக்குட்டையோ, கொவிட் காலத்தில் பழகிய சத்திரசிகிச்சை முகக்கவசமோ இத்துகள்களைத் தடுக்கா. கிரனைட்டும் டைல்ஸும்கூடச் சிலிக்கா கொண்டவை என்பதால், இயற்கைக் கல்லைத் தெரிந்தவரும் தம் பொறுப்பு முடிந்ததெனக் கருத இயலாது.

வாங்குபவரின் கையில் இங்கேதான் அதிகாரம் உள்ளது. கல்லை நீர் பாய்ச்சி வெட்டும் வசதியுள்ள பட்டறையிலேயே அளவெடுத்து, துளையும் ஓரமும் முடித்துக் கொண்டுவர வேண்டும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே நிபந்தனையாக விதிக்கலாம். வீட்டில் தவிர்க்கவியலாத சிறு திருத்தம் இருப்பின், நீர் ஊற்றியபடியே செய்யுமாறும், குறைந்தது என்-95 தரமுள்ள முகக்கவசம் அணியுமாறும் கேட்கலாம். வெட்டிய சேற்றை உலரவிட்டுத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரமாகவே அள்ளிக் கழுவிவிட வேண்டும். இவற்றுக்காகச் சற்று அதிகம் கூலி கேட்கப்பட்டால், அதனைக் கொடுப்பதே நியாயம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 முதல் இந்நாட்டில் உள்ளது. ஆயினும், வீதியோரப் பட்டறையிலும் வீட்டு முற்றத்திலும் சட்டத்தின் கண் எட்டுமுன் எட்டுவது வீட்டுக்காரரின் கண்ணேயாகும்.

செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை ஏற்கெனவே பொருத்தியிருப்போர் அச்சமடையத் தேவையில்லை. பொருத்தி முடிந்த மேடையில் சமைப்பதாலோ உண்பதாலோ இந்நோய் வருவதில்லை, தூசியே நஞ்சு. பயந்துபோய் அதனை உடைத்து அகற்றுவதுதான் ஆபத்தை உண்டாக்கும். கல் வெட்டும் தொழிலில் இருப்போர், அல்லது அத்தொழில் செய்து வெளிநாட்டிலிருந்து திரும்பியோர், இடைவிடாத இருமலோ மூச்சிரைப்போ கண்டால், வைத்தியரிடம் தமது தொழிலை மறவாது கூற வேண்டும். காசநோய் எனக் கருதப்பட்டு இந்நோய் அறியப்படாமல் போவது உலகெங்கும் நிகழ்கின்ற தவறாகும்.

இன்னொன்றையும் குறிப்பிடுவது அவசியம். எந்தக் கல்லைத் தெரிந்தாலும், மேடையின் உயரம் அங்கு நின்று சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்றதாக அமைய வேண்டும். வெளிநாட்டு அளவான 36 அங்குலத்தை மேசன்மார் அப்படியே பின்பற்றுவதுண்டு. முழங்கையை மடித்து நிற்கும்போது அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை அமைவதே வசதி. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இது 32 முதல் 34 அங்குலமாகும். ஆகவே, அளவு குறிக்கும் நாளில் வீட்டுப் பெண்ணை அங்கே நிறுத்தி அளக்க வேண்டும். இதற்குச் செலவேதும் இல்லை.

வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிக்கிறது. தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பதும் அதன் அடிப்படை நெறிகளுள் ஒன்று. உழைப்பவனின் வியர்வைக்கு மதிப்பளிக்கும் மரபு தமிழரிடமும் உண்டு. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டால் தெரிவு கடினமானதன்று. வசதியுள்ளவர் சோதித்துத் தெரிந்த கறுப்பு கிரனைட்டையும், மற்றையோர் நன்கு பதிக்கப்பட்ட டைல்ஸையும் நம்பிக்கையோடு போடலாம். இரண்டுமே எமது புளியையும் சூட்டையும் மழையையும் தாங்கும். எதைப் போட்டாலும், அதனை நீரில் நனைத்து வெட்டச் சொல்லும் ஒரு வார்த்தையை வீட்டுக்காரர் கூறியேயாக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உடலைக் கொடுத்து உழைத்த சமூகத்தின் பிள்ளைகள், இன்னொருவர் வீட்டு மேடையின் பளபளப்புக்காகத் தமது மூச்சையும் கொடுக்க நேருவதை நாம் அனுமதிக்கலாகாது.